10 டிரெய்லர்களுக்கு மூன்று ஷிப்ட்: சுழற்சியை எப்படி அமைப்பது?

முத்துநகர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடி துறைமுகத்துக்கும் ஊரைச் சுற்றியுள்ள கண்டெய்னர் யார்டுகளுக்கும் இடையே எங்களுடைய 10 டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இதுவரை வண்டிக்கு இரண்டு டிரைவர்கள், ஆளுக்கு 12 மணி நேரம், ஞாயிறுதோறும் பகல் ஆள் இரவுக்கும் இரவு ஆள் பகலுக்கும் மாறுவது என்று ஓட்டிக்கொண்டிருந்தோம். சென்ற மாதம் விடியற்காலையில் டிரைவர் ஒருவர் யார்டுக்குள் வண்டியைத் திருப்பும்போது கண்ணயர்ந்து விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டார். காயம் எதுவும் இல்லை என்றாலும், அவர் இறங்கி வந்து நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகு பழைய முறையைத் தொடர எனக்கு மனம் வரவில்லை.

காலை 6, மதியம் 2, இரவு 10 என மூன்று ஷிப்டாகப் பிரிக்க முடிவு செய்துவிட்டேன். ஆளை வாரம் ஒருமுறை மாற்றுவதா, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுவதா, விருப்பமுள்ளவர்களை நிரந்தரமாக இரவிலேயே வைத்துக்கொள்வதா என்பதில்தான் குழப்பம். இரவு, மதியம், காலை என்ற வரிசையில் போட்டால் கடைசியில் நீண்ட விடுப்பு கிடைக்கும் என்று எங்கள் மேலாளர் சொல்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சங்கத்து முதியவர்:

மேலாளர் சொல்லும் வரிசையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். இரவு 10 மணிக்கு மதிய ஷிப்டை முடிப்பவர் மறுநாள் காலை 6 மணிக்கு வண்டியில் ஏற வேண்டுமானால் இடையில் இருப்பது 8 மணி நேரம்தான். அதில் வீட்டுக்குப் போவது, குளிப்பது, சாப்பிடுவது, திரும்பி வருவது எல்லாம் போக ஐந்து மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாள் பணி முடிவதற்கும் மறுநாள் பணி தொடங்குவதற்கும் இடையே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு வேண்டும் என்றது. நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை கூடாது என்பவையும் அதில் இருந்தவையே. அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது என்றாலும், அட்டவணை போடுகிறவருக்கு இந்த அளவுகளைவிடத் தெளிவான கணக்கு வேறில்லை. காலை, மதியம், இரவு என்று ஏறு வரிசையில் போனால் ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி நேரம் இடைவெளி விழும்.

ஹார்பர் டிரைவர்:

அண்ணாச்சி, நான் 19 வருடங்களாக ஓட்டுகிறேன். இரவு ஷிப்டில் எங்களை வீழ்த்துவது 3 மணியிலிருந்து 5 மணி வரையான நேரம். ஒருமுறை துறைமுக வாயில் வரிசையில் ஹேண்ட்பிரேக் போடாமல், காலை மட்டும் பிரேக் மீது வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கால் தளர்ந்ததே தெரியவில்லை. முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கக் கம்பியில் இடித்த சத்தத்தில்தான் விழித்தேன். இரண்டு வண்டிக்கும் இடையில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

நிரந்தர இரவு வேண்டாம் என்பேன். பகலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், குழந்தைகளும் தெருச் சத்தமுமாக இருக்கும் வீட்டில், 4 மணி நேரம் தூங்குவதே பெரிய காரியம். இரவு கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் உடம்புக்கு ஒத்துப்போவதால் கேட்பதில்லை. சாலை காலியாக இருப்பதால் ஒன்றிரண்டு டிரிப் கூடுதலாக அடித்து பேட்டாவைச் சேர்க்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். பேட்டாவை டிரிப் கணக்கில் இல்லாமல் ஷிப்ட் கணக்கில் கொடுத்தால் அந்த ஆசையும் போகும், அவசரமும் போகும்.

ஆலை செவிலியர்:

மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையின் மருத்துவ அறையில் பணிபுரிகிறேன். வாரம் ஒருமுறை மாற்றுவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனென்றால் ஐந்தாறு இரவுகளில் உடல் பாதிதான் பழகுகிறது, அந்தப் பாதிப் பழக்கமும் நிலைப்பதற்குள் மறுபடி பகலுக்கு இழுக்கப்படுகிறது. இரண்டு இரவுகளோடு நிறுத்தினால் உடலின் கடிகாரம் பெரிதும் பகலோடேயே இருக்கும். தூக்கக் கடனும் பெரிதாகச் சேராது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நம் நாட்டில் ஓட்டுநருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சமே 0.03 விழுக்காடுதான்.

இன்னொன்று, இரவு ஷிப்டுக்குப் பின் ஒரே ஒரு நாள் விடுப்பு கொடுத்துவிட்டு அதை விடுப்பு என்று எண்ணாதீர்கள். காலை 6 மணிக்கு இறங்கியவர் மறுநாள் 6 மணிக்கு ஏறினால் அந்த நாள் தூங்கியே கழிந்துவிடும். இரண்டு நாள் வேண்டும். இரவு ஷிப்டின் நடுவில் 20 நிமிடம் படுக்க இடமும், எழுந்த பின் கால் மணி நேரம் கழித்தே வண்டியைத் தொடும் வழக்கமும் இருந்தால் இன்னும் நல்லது.

முத்துநகர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு இரவு, பிறகு இரண்டு நாள் விடுப்பு என்ற 8 நாள் சுற்றுக்கு வண்டிக்கு 4 பேர் வீதம் 40 டிரைவர்கள் வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக 42 மணி நேர வேலை வரும். வாரம் ஒரு நாள் விடுப்பு மட்டும் கொடுத்தால் 35 பேரே போதும், ஆனால் செவிலியர் சொன்ன அந்த இரண்டாவது நாள் கிடைக்காது. கூடுதல் ஐந்து பேரின் சம்பளம் எனக்குச் சிறு தொகையில்லை. ஆகவே இரவில் 10 வண்டிக்குப் பதில் 7 வண்டிகளை மட்டும் ஓட்டி ஆள் தேவையைக் குறைக்க முடியுமா என்று சரக்கு அனுப்புகிறவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். முதலில் நான்கு வண்டிகளில் இந்தச் சுற்றைத் தொடங்கி, பேட்டாவையும் ஷிப்ட் கணக்குக்கு மாற்றுகிறேன். யார்டு ஓரத்தில் சும்மா கிடக்கும் அறையில் மின்விசிறியும் கட்டிலும் போடச் சொல்லிவிட்டேன்.

ஹார்பர் டிரைவர்:

அண்ணாச்சி, அந்த அறை ஜன்னலுக்குத் தடித்த திரையும் போட்டுவிடுங்கள். யார்டு விளக்கு நேராக முகத்தில் அடித்தால் 20 நிமிடத்தில் 10 நிமிடம் அதிலேயே போய்விடும்.