ஓலை நரம்பில் ஒரு கடல்

கயல்: பெரியப்பா, எழுத்தே இல்லாமல், குறியீடுகளை மட்டும் கொண்டு ஒரு பயணத்தை விளக்கும்படி கல்லூரியில் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் வேலை பார்த்தவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன், எதைப் பார்த்துக் கற்கலாம்?

பெரியப்பா: மார்ஷல் தீவுகளின் குச்சி வரைபடங்களைப் பார், அம்மா. பசிபிக் கடலில் ராட்டக், ராலிக் என்று இரு வரிசையாகக் கிடக்கும் அந்தப் பவளத் தீவுகள் மிகவும் தாழ்வானவை. சற்று விலகினாலே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அங்குள்ள மாலுமிகள் அலையைப் படித்தார்கள். தொலைவிலிருந்து வரும் பேரலை தீவில் மோதும்போது ஒரு பகுதி திரும்பி வருகிறது, மீதி இருபுறமும் வளைந்து சென்று மறுபக்கத்தில் ஒன்றையொன்று வெட்டுகிறது. அந்த வளைவுகளைத்தான் தென்னையோலையின் நடுநரம்புகளை வளைத்துக் கட்டிக் காட்டினார்கள்; தீவுக்கு ஒரு சிறு சோழி.

அத்தை: அதைப் படகில் வைத்துப் பார்த்துக்கொண்டே போவார்களா, அண்ணா?

பெரியப்பா: இல்லை. கரையிலேயே மனப்பாடம் செய்துகொண்டு, படத்தை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவார்கள். கடலில் படகின் ஆட்டத்தை உடம்பால் உணர்ந்தே வழி அறிவார்கள். மெத்தோ, ரெப்பெலிப் என்ற வகைகள் உண்மையான தீவுகளைக் காட்டுபவை. கயல் கவனிக்க வேண்டியது மத்தாங். அது எந்தத் தீவின் படமும் அன்று. அலை தீவைச் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதை மாணவனுக்குக் கற்பிக்கும் அருவமான வடிவம். அதைவிடத் துணிவான வரைபடத்தை நான் அறியேன்.

அத்தை: ஆனால் செய்தவரும் அவரிடம் கற்றவரும் மட்டுமே படிக்க முடிந்தால், வழி கேட்டு வரும் அயலாருக்கு அதனால் என்ன பயன்? மெக்சிகோ நகர மெட்ரோ 1969-இல் திறக்கப்பட்டபோது, எழுத்தறியாதவர்களும் இறங்குமிடத்தை அடையாளம் காணும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் இருந்தது. லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளரின் தலைமையில் உருவானவை அவை. சாபுல்டெபெக்குக்கு வெட்டுக்கிளி, பினோ சுவாரெஸுக்கு, சுரங்கம் தோண்டும்போது கிடைத்த அஸ்டெக் கோயில். முதல் நாள் வருபவருக்கும் விளங்குவதே வழிகாட்டி என்பது என் கருத்து.

பெரியப்பா: நிலையத்துக்கு அது சரி, தங்கச்சி. இறங்குமிடம் ஒரு பொருள், அதற்குப் படம் போதும். இரண்டு இடங்களுக்கு நடுவே நடப்பதைச் சொல்ல வெட்டுக்கிளி உதவாது. அங்கே மத்தாங்தான் வேண்டும்.

கயல்: அப்படியானால் இரண்டையும் சேர்க்கிறேன். எங்கள் கல்லூரிப் பேருந்தின் வழியில் நிறுத்தங்களுக்கு அத்தை சொன்னதுபோல் சின்னங்கள் வைக்கிறேன். இடையில் மேம்பால ஏற்றம், தண்டவாளத்தின் குலுக்கல், பெரிய வளைவில் உடம்பு ஒருபக்கம் சாய்வது ஆகியவற்றைக் கோடுகளாக வரைகிறேன்.

அத்தை: வரைந்ததும் விளக்கம் எதுவும் எழுதாமல் இங்கே அனுப்பு. அந்தப் பேருந்தில் ஏறியே இராத நான் எதுவரை புரிந்துகொள்கிறேன் என்று சொல்கிறேன்.