புதிதாக வந்தவர்களுக்கு: பொரிக்காத டோர்ட்டில்லா சிப்ஸ்

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்கள் மாலை நேரக் கொறிப்புக்கு எதை வாங்கலாம் என்று கேட்டால், பெரிய பையில் விற்கும் டோர்ட்டில்லா சிப்ஸை விட்டுவிட்டு, அதே கடையில் கிடைக்கும் சோள டோர்ட்டில்லா (மக்காச்சோள மாவில் செய்யும் மெல்லிய மெக்சிகோ ரொட்டி) அடுக்கை வாங்கி ஓவனில் சுட்டுக்கொள்ளுமாறுதான் சொல்வேன். வாணலியில் எண்ணெயைக் காயவைத்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும் அடுக்ககங்களில் இது வேறொரு வகையிலும் நிம்மதியானது.

ஆனால் இதனால் கிடைக்கும் நன்மையை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். கடைச் சிப்ஸில் 28 கிராமுக்குச் சுமார் 140 கலோரியும் ஏறத்தாழ 7 கிராம் கொழுப்பும் இருக்கும். வீட்டில் சுடும்போது கொழுப்பு பாதியளவுக்குக் குறையும், உப்பும் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். கலோரி அந்த அளவுக்குக் குறைவதில்லை, மாவுச்சத்தோ சற்றும் குறைவதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்கள், ஓவனில் சுட்டதுதானே என்று எண்ணி ஒரு தட்டு முழுவதையும் காலி செய்துவிடக் கூடாது.

வாங்கும்போது கோதுமை டோர்ட்டில்லாவைத் தவிர்த்துவிடுங்கள்; அதில் பெரும்பாலும் கொழுப்பு சேர்த்தே பிசைந்திருப்பார்கள். நல்ல சோள டோர்ட்டில்லாவில் மக்காச்சோளம், தண்ணீர், சுண்ணாம்பு ஆகியவற்றுக்கு மேல் அதிகம் எதுவும் தேவையில்லை. சுண்ணாம்பைக் கண்டு தயங்க வேண்டாம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து அரைப்பது மெக்சிகோவின் பழமையான முறை. அதனால்தான் மாவு ஒட்டிக்கொண்டு தட்ட வருகிறது, மக்காச்சோளத்தில் உடலுக்கு எட்டாமல் இருக்கும் நியாசின் என்ற வைட்டமினும் கிடைக்கிறது. நம் மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவால் இந்த வேலை நடக்காது.

ஓவனைச் சூடாக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். நம் வீடுகளில் அது பாத்திரம் அடுக்கும் அலமாரியாகவே இருப்பது வழக்கம். பிறகு 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 175 டிகிரி செல்சியஸில், முழுமையாகச் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் செல்சியஸ் கணக்கில் 20 டிகிரி குறைத்து வைப்பது நல்லது. 8 டோர்ட்டில்லாக்களின் மேல் 2 டீஸ்பூன் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, ஒவ்வொன்றையும் 6 முக்கோணங்களாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவுங்கள். மொறுமொறுப்பைத் தருவது எண்ணெய் அல்ல, ஈரம் முழுவதும் வெளியேறுவதுதான் என்பதால், நெருக்கி அடுக்கினால் ஆவி சிக்கிக்கொண்டு துண்டுகள் தோல்போல இழுபடும். வாங்கி இரண்டு நாளாகிச் சற்றுக் காய்ந்த டோர்ட்டில்லா இதற்கு இன்னும் பொருத்தமானது.

7 நிமிடத்தில் திருப்பிப் போட்டு, மேலும் 5 முதல் 8 நிமிடம் வைத்தால் போதும். கடைசி 2 நிமிடங்களில் ஓவனை விட்டு நகர வேண்டாம். பொன்னிறம் கருகலாக மாற அதிக நேரம் பிடிக்காது. வெளியே எடுக்கும்போது நடுப்பகுதி சற்று வளைந்தாலும் கவலையில்லை, ஆறும்போது இறுகிவிடும். எலுமிச்சைச் சாறு விரும்பினால் சுடுவதற்கு முன்பே எண்ணெயுடன் கலந்துவிட வேண்டும். பின்னால் பிழிந்தால் நமத்துப்போகும்.

தொட்டுக்கொள்ளத் தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கிக் கலந்தாலே போதுமானது; உருக்கிய சீஸை ஊற்றினால் குறைத்த கொழுப்பெல்லாம் திரும்பி வந்துவிடும். முழுவதும் ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். நமத்துவிட்டால் 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 5 நிமிடம் மீண்டும் சூடாக்கிக்கொள்ளலாம்.