டிரைவ் ஓடினா வெயிட் ரீடிங் ஆடுது, நாய்ஸ் (மின் இரைச்சல்) எங்கேர்ந்து வருதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பேக்கிங்லைன்:
வணக்கம், மூணு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். 25 கிலோ மூட்டை நிரப்புற மெஷின், எடையை மின் சிக்னலா மாத்துற 50 கிலோ லோட் செல் ஒண்ணுதான் இருக்கு. பக்கத்து கன்வேயருக்கு மோட்டார் வேகத்தை கூட்டிக் குறைக்கிற 7.5 கிலோவாட் டிரைவ் புதுசா போட்டாங்க, அன்னையிலேர்ந்து கன்வேயர் ஓடினா ரீடிங் 40, 60 கிராம்னு மேலயும் கீழயும் குதிக்குது, நிறுத்தினா கல்லு மாதிரி நிக்குது. லோட் செல், எடை காட்டுற இண்டிகேட்டர், அதுக்கு கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாத்தியாச்சு, எர்த் குழியில தண்ணி கூட ஊத்திப் பாத்தாச்சு. இண்டிகேட்டர்ல ஃபில்டரை ஏத்தினா நிக்குது, ஆனா ரீடிங் லேட்டா வர்றதால மூட்டை நிரம்பி வழியுது. எடை குறைஞ்ச மூட்டை வெளிய போயிடுமோன்னுதான் பயம். யாராவது வழி சொல்லுங்க.

பேனல்வயர்மேன்:
தம்பி, முதல்ல சாமான் மாத்துறத நிறுத்துங்க. 2 மில்லிவோல்ட் பெர் வோல்ட் செல்லுக்கு (குடுக்கிற ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழு எடையில 2 மில்லிவோல்ட் தர்றது) 5 வோல்ட் குடுத்தா முழு 50 கிலோவுக்கே 10 மில்லிவோல்ட்தான் வரும், அப்போ 10 கிராம்ங்கிறது வெறும் 2 மைக்ரோவோல்ட். அதுக்குப் பக்கத்துலதான் டிரைவ் ஐநூறு வோல்ட்டுக்கு மேல செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி விடுது. நாய்ஸ் கேபிள் வழியா வருதா சப்ளை வழியா வருதான்னு பிரிச்சுப் பாருங்க. லோட் செல் கேபிளை கழட்டிட்டு, இண்டிகேட்டர் டெர்மினல்ல எக்ஸைடேஷன் (செல்லுக்கு குடுக்கிற வோல்ட்) பிளஸ் மைனஸுக்கு நடுவுல ஒரே மாதிரி 180 ஓம் ரெசிஸ்டர் ரெண்டை சீரியஸ்ல போட்டு, நடுப் பாயிண்ட்ல சிக்னல் வயர் ரெண்டையும் சேர்த்து கட்டுங்க. அதுதான் ஆடாத டம்மி செல். செல்லுக்குப் போய்ச் சேர்ற வோல்ட்டை அளக்கிற சென்ஸ் வயர் இருந்தா எக்ஸைடேஷனோட சேர்த்துடுங்க. இப்போ டிரைவை ஓட்டிப் பாருங்க.

பேக்கிங்லைன்:
அண்ணா, பண்ணிட்டேன். டெர்மினல்லயே டம்மி போட்டா ஒரு கிராம் கூட அசையல. கேபிளோட அந்தப் பக்கம், லோட் செல் இருக்கிற இடத்துல டம்மி போட்டா பழையபடி குதிக்குது. அப்போ கேபிள்தான்னு புரியுது. பத்துப் பன்னெண்டு மீட்டருக்கு மோட்டார் கேபிளும் இதுவும் ஒரே டிரேல டை போட்டு ஒண்ணா போகுது, அதை இப்பதான் கவனிச்சேன்.

ஸ்கோப்காரன்:
நல்லா பிரிச்சீங்க. டிரைவ்தான்னு உறுதி பண்ண ஒரு வழி, டிரைவ் செகண்டுக்கு எத்தனை தடவை வெட்டுதுங்கிற கேரியர் ஃப்ரீக்வென்ஸியை 4 கிலோஹெர்ட்ஸ்லேர்ந்து 8க்கு மாத்துங்க. ஸ்கோப்ல (சிக்னலை அலையா காட்டுற கருவி) பாத்தா நாய்ஸ் கொத்துங்க 250 மைக்ரோசெகண்ட் இடைவெளியில இருந்தது 125க்கு வரும், வேற எங்கேர்ந்தாவது வந்தா மாறாது. ஸ்கோப் இல்லன்னா பழைய ஏஎம் ரேடியோ ஒண்ணு போதும், ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சு டிரே ஓரமா நடங்க, கரகரப்பு எங்க ஜாஸ்தியோ அங்க நில்லுங்க. அப்புறம் லோட் செல் கேபிளை டிரேலேர்ந்து தூக்கி தற்காலிகமா வேற வழியில போட்டுப் பாருங்க, மோட்டார் கேபிளைத் தாண்டணும்னா குறுக்கா நேர் கோணத்துல மட்டும் தாண்டட்டும்.

பேக்கிங்லைன்:
ரேடியோ வச்சேன், டிரே முழுக்க இரைச்சல், ஆனா இண்டிகேட்டர் பெட்டியோட எர்த் வயர்கிட்ட போனாலும் அதே சத்தம், அது எதுக்குன்னு புரியல. கேபிளை தரையில தனியா போட்டதும் 60 கிராம் 15, 20க்கு வந்துடுச்சு. ஆனா முழுசா போகல.

பேனல்வயர்மேன்:
எர்த் வயர்ல சத்தம் கேக்குதுன்னா கரண்ட் அந்த வழியாவும் போகுதுன்னு அர்த்தம். மோட்டார் கேபிளுக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்கிற கெப்பாசிட்டன்ஸ் வழியா ஒவ்வொரு ஸ்விட்சிங்லயும் கரண்ட் கசியுது, கேபிள் நீளம் கூடக் கூட அதுவும் கூடும். அது பொறந்த டிரைவுக்கே திரும்பிப் போகணும், கிட்ட வழி இருந்தா அதுல போகும், இல்லன்னா ஷெட் ஸ்டீல், உங்க இண்டிகேட்டர் எர்த்துன்னு சுத்திட்டுத்தான் போகும். எர்த் குழி ஓம் கணக்கு இதுக்கு உதவாது, ஒரு மீட்டர் வயரே 1 மெகாஹெர்ட்ஸ்ல ஆறு ஓம் மாதிரி நடந்துக்கும். ரெண்டு விஷயம் பாருங்க: மோட்டார் கேபிள் ஷீல்டு (வயருங்களைச் சுத்தியிருக்கிற உலோக வலை) எப்படி முடிச்சிருக்கு, டிரைவ்ல நாய்ஸ் ஃபில்டருக்கான ஈஎம்சி ஸ்க்ரூ இருக்கா. மெயினை ஆஃப் பண்ணி, டிரைவ் மேல எழுதியிருக்கிற நேரம் வரைக்கும் காத்திருந்து, டிசி பஸ்ஸை (டிரைவுக்குள்ள கெப்பாசிட்டர்ல நிக்கிற வோல்ட்) இறங்கிடுச்சான்னு மீட்டர்ல அளந்துட்டு அப்புறம் கை வைங்க, அவசரப்படாதீங்க.

பேக்கிங்லைன்:
அண்ணா, ரெண்டுமே தப்பாத்தான் இருந்துச்சு. ஷீல்டை முறுக்கி ஒரு சாண் நீளத்துக்கு வால் மாதிரி எர்த் பாருக்கு கொண்டுபோயிருக்காங்க, மோட்டார் பக்கம் ஷீல்டை வெட்டியே விட்டுட்டாங்க. ஈஎம்சி ஸ்க்ரூ இருக்க வேண்டிய ஓட்டை காலியா இருந்துச்சு. தேடினா பேனல் கதவுல டிராயிங் வைக்கிற பாக்கெட்டுல, சின்ன பிளாஸ்டிக் கவருக்குள்ள அந்த ஸ்க்ரூ வாஷரோட பத்திரமா இருக்கு. விசாரிச்சா, டிரைவ் போட்ட புதுசுல, எர்த் லீக்கேஜ் வந்தா சப்ளையை வெட்டுற ஆர்சிசிபி ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சாம், லைன் நிக்கக்கூடாதுன்னு ஸ்க்ரூவை கழட்டி வச்சிருக்காங்க.

ஸ்கோப்காரன்:
அதான் விஷயம். அந்த ஸ்க்ரூதான் டிரைவுக்குள்ள இருக்கிற ஃபில்டரை எர்த்தோட சேர்க்குது. அதைக் கழட்டினதும் நாய்ஸ் திரும்புற கிட்ட வழி போயிடுச்சு, கூடவே எர்த் லீக்கேஜும் குறைஞ்சதால ட்ரிப் நின்னுடுச்சு. நியூட்ரல் எர்த் பண்ணின சப்ளைதான்னு உறுதி பண்ணிட்டு திருப்பிப் போடுங்க, எர்த் பண்ணாத சப்ளைன்னா போடக்கூடாது. ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணிடாதீங்க தயவுசெஞ்சு. டிரைவுக்கு தனி ஃபீடர் எடுத்து டைப் பி (டிசி கசிவையும் கண்டுபிடிக்கிற) ஆர்சிசிபி போடுங்க, எத்தனை மில்லிஆம்ப்னு டிரைவ் மேனுவல் பாத்து முடிவு பண்ணுங்க. மனுஷங்க பிளக் சொருகுற சாக்கெட்டுக்கு 30 மில்லிஆம்ப் அப்படியே இருக்கட்டும்.

பேக்கிங்லைன்:
நியூட்ரல் எர்த் ஆகியிருக்கு, உறுதி பண்ணிட்டுதான் ஸ்க்ரூ போட்டேன். மவுண்டிங் பிளேட்ல பெயிண்டை சுரண்டிட்டு, மோட்டார் கேபிள் ஷீல்டை முழு வட்டமா பிடிக்கிற கிளாம்ப் டிரைவ்கிட்ட போட்டேன், மோட்டார் பக்கம் மெட்டல் கிளாண்டு (கேபிள் நுழையுற இடத்துல இறுக்கிப் பிடிக்கிறது). லோட் செல் கேபிளுக்கு தனி டிரே, அதோட ஷீல்டு இண்டிகேட்டர் பக்கம் மட்டும். இண்டிகேட்டர் ஃபில்டரை பழைய அளவுக்கே இறக்கிட்டு ரெண்டு ஷிப்ட் ஓட்டியாச்சு, 5 கிராமுக்கு மேல ஆடல. டைப் பி வந்து தனி ஃபீடர் போடுறவரைக்கும் ஆர்சிசிபி ட்ரிப் ஆனா லைன் நிக்கட்டும்னு மேனேஜரும் ஒத்துக்கிட்டாரு. ஸ்க்ரூ பக்கத்துல, இதைக் கழட்டாதீங்கன்னு காரணத்தோட எழுதி ஒட்டியிருக்கேன். ரெண்டு பேருக்கும் மனசார நன்றி அண்ணா.