'எக்சீட்' என்னும் ஆங்கில வினைச்சொல்லை எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள்?

நல்லூரிலிருந்து, ஆங்கில ஆசிரியை:

க.பொ.த. சாதாரண தர மாணவருக்குக் கற்பிப்பதால், இவ்வினைக்கு 'மிஞ்சுதல்' என்று மட்டும் பொருள் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் அடிக்கடி காண்கிறேன். நம் வீடுகளில் மிஞ்சுவது பெரும்பாலும் இரவுப் புட்டு. ஆகவே விருந்துக்குப் பின் சோறு 'எக்சீட்' ஆகிவிட்டது என்று ஒரு மாணவன் வாக்கியம் அமைத்திருந்தான். எஞ்சுதல், வரம்பைத் தாண்டுதல் ஆகிய இரண்டையும் நமது 'மிஞ்சு' சுமக்கிறது. ஆங்கில வினைக்கோ இரண்டாவது பொருள் மட்டுமே உண்டு. அதுவும், எதைத் தாண்டியது என்பதைச் சொல்லாமல் இன்றைய வழக்கில் அது நிற்பதில்லை: செலவு வருமானத்தை, வாகனம் வேக வரம்பை, கட்டுரை சொல்லெண்ணிக்கையை என்று செயப்படுபொருள் உடனே வந்துவிட வேண்டும். 'வருமானத்தை விட' என்று தமிழில் சிந்திக்கும் பிள்ளைகள் 'விட' என்பதற்கு ஈடான ஆங்கிலச் சொல்லை இடையில் நுழைத்துவிடுகிறார்கள். 'ஓவர்' சேர்ப்பவர்களும் உளர். வெளியே செல்லுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குள்ளேயே 'மேல்' என்ற கருத்து அடங்கியிருப்பதால் இவை இரண்டும் வேண்டாதவை. எவ்வளவால் தாண்டியது என்று கூறுவதற்கு மட்டும் 'பை' சேர்த்துக்கொள்ளலாம். எழுத்துக்கூட்டலில் இதற்கும் 'புரொசீட்', 'சக்சீட்' ஆகியவற்றுக்கும் முடிவு ஒன்றே; 'பிரிசீட்', 'கொன்சீட்' என்பன அதே ஓசையில் முடிந்தாலும் வேறுவிதமாக எழுதப்படுவன.

கொக்குவிலிலிருந்து, அலுவலக உத்தியோகத்தர்:

ஆசிரியை கூறும் வரம்பைத் தாண்டுவது எப்போதும் குற்றமாகிவிடாது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஆண்டு மதிப்பீட்டுக் கடிதமொன்றில், 'நீங்கள் எதிர்பார்ப்புகளை மீறியுள்ளீர்கள்' என்று தமிழில் எழுதப்பட்டிருந்தது. அதைப் பெற்ற சக ஊழியர், விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமோ என்று கலங்கிப்போனார். ஆங்கிலப் பிரதியை எடுத்துப் பார்த்தபோதுதான் அது பாராட்டு என்பது விளங்கியது. 'எதிர்பார்த்ததற்கும் மேலாகச் செய்திருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தால் அவருக்கு அன்று மதியச் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

சுன்னாகத்திலிருந்து, சட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பவர்:

நம் நாட்டுச் சட்டங்களின் தமிழ்ப் பிரதிகளில் 'விஞ்சாத குற்றப்பணம்' என்ற தொடரைப் பலர் கண்டிருப்பீர்கள். 'எக்சீட்' என்ற வினையின் எதிர்மறை வடிவமே அங்கே அவ்வாறு பெயர்க்கப்படுகிறது. 50,000 ரூபாவை விஞ்சாத குற்றப்பணம் என்றால் 50,000 ரூபாவும் கட்ட வேண்டும் என்று அஞ்சி என்னிடம் வந்தவர்கள் உண்டு. அத்தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குட்பட்டு எவ்வளவு என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். மற்றொரு நுட்பமும் இதில் உண்டு. விஞ்சாத என்னும்போது 50,000 என்ற தொகையும் உள்ளடங்கும். 'குறைந்த' என்று பெயர்த்தால் அந்தத் தொகை வெளியே போய்விடும். ஒரு ரூபா வேறுபாடுதானே என்று வாசிப்பவர் நினைக்கக்கூடும், ஆனால் சட்டப் பிரதியில் அப்படி நினைக்க முடியாது.

பருத்தித்துறையிலிருந்து, மருந்தகத்தில் பணியாற்றுபவர்:

எங்களுக்கு இச்சொல் மருந்துப் பெட்டியின் பின்புறத்தில், மிகச் சிறிய எழுத்தில் வருகிறது. 500 மில்லிகிராம் பரசிற்றமோல் மாத்திரையை வளர்ந்தவர்கள் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கலாகாது, அதாவது மொத்தம் 4 கிராமைத் தாண்டலாகாது என்பதே அதன் கருத்து. காய்ச்சலுக்குப் பனடோல் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, தடிமனுக்கும் வேறொரு மாத்திரை கேட்டார். அதிலும் பரசிற்றமோல் கலந்திருந்தது. "தம்பி, ரெண்டும் வேற வேற மருந்தெல்லோ, பெட்டியே வேற நிறம்," என்றார். பெட்டிகள் வேறாயினும் ஈரல் கணக்கெடுப்பது இரண்டிலும் உள்ள பரசிற்றமோலைச் சேர்த்துத்தான் என்று விளக்கி, அது கலக்காத மருந்தொன்றைக் கொடுத்தனுப்பினேன். இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை என்ற எண்ணைப் பெட்டியின் முன்புறத்திலேயே பேனையால் பெரிதாக எழுதி விடுகிறேன்.