செங்கோட்டைப் பக்கம் குடிவருகிறோம், வீடு எங்கே பார்க்கலாம்?

மோகனூரான்:
வணக்கம். வங்கி வேலையில் செங்கோட்டைக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். ஊர் நாமக்கல் பக்கம் மோகனூர். நான், மனைவி, ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள், எழுபது வயது அம்மா. அம்மாவுக்கு வீசிங் உண்டு, குளிர்காற்று பட்டாலே இழுக்கும். குற்றாலத்தில் அருவிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாடகைக்குச் சொல்கிறார்கள், மகளுக்கு அதுதான் வேண்டுமாம். மனைவிக்கோ யாரையும் தெரியாத ஊரில் எப்படி நாளை ஓட்டுவது என்று கவலை. வெளியூரிலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இலஞ்சிக்காரன்:
வாங்க சார். அருவிப் பக்கம் வீடு வேண்டாம். ஜூனில் சாரல் விழ ஆரம்பித்தால் ஆகஸ்ட் முடிய வெளியூர் வண்டிகள்தான், வீட்டை விட்டு வெளியே வரவே வழி கிடைக்காது. சீசனில் நாள் வாடகை நல்ல காசு என்பதால் வீட்டுக்காரர் மனசும் மாறும். குரங்குத் தொல்லை வேறு. இலஞ்சி, மேலகரம், இல்லையென்றால் செங்கோட்டை டவுனிலேயே பாருங்கள். மூன்றிலிருந்தும் குற்றாலம் பக்கம்தான், பாப்பா நினைத்தபோது போய்க் குளிக்கலாம். வாடகை குறைவு என்று வடகரை, மேக்கரைப் பக்கம் யாராவது காட்டினால் யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே தோப்புகளுக்குள் யானை இறங்கும்.

ராம்நாட்டு டீச்சர்:
தம்பி, நான் ராமநாதபுரத்துக்காரி. பள்ளிக்கூட மாற்றலில் செங்கோட்டைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். கண்மாய் நிறையுமா என்று வானத்தையே பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஊர்ச் சாரல் இன்றைக்கும் சலிக்கவில்லை. ஆனால் வீடு பார்க்கும்போது அந்தச் சாரலை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வழியாகத்தான் இந்தப் பக்கம் நுழைகிறது. அதனால் சாரல் நேராக விழுவதைவிடப் பக்கவாட்டில் அடிப்பதுதான் அதிகம். வீட்டின் மேற்குச் சுவர் நாள் கணக்கில் நனைந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் மே மாதத்தில் வீடு பார்க்க வருவீர்கள். மே மாதத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான், வெள்ளையும் அடித்து வைத்திருப்பார்கள். ஹாலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேற்குப் பக்க அறையில் சுவர் அலமாரி இருந்தால் கீழ்த்தட்டைத் திறந்து பின்சுவரில் உள்ளங்கையை வையுங்கள். அலமாரிக்குள்ளே யாரும் வெள்ளை அடிப்பதில்லை. சுண்ணாம்பு பொரிந்து மாவாகக் கையில் ஒட்டினாலோ, மக்கல் வாடை அடித்தாலோ அந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அம்மாவுக்குக் குளிர்காற்றைப் போலவே ஓதமும் பூஞ்சையும் ஆகாது. அவர்கள் படுக்கிற அறை கிழக்குப் பக்கம் இருக்கட்டும், கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். மொட்டை மாடியில் ஷீட் போட்ட வீடு கிடைத்தால் அட்வான்ஸ் கொஞ்சம் கூடினாலும் விடாதீர்கள். ஜூலையில் துணி காய்வது அங்கே மட்டும்தான்.

உங்கள் மனைவிக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடிவந்த அன்றே தெருவில் கேட்பார்கள்: எந்த ஊரு, என்ன சோலி, எத்தனை பிள்ளை, பால் யாரிடம் வாங்குறீங்க. அதை வம்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முகம் கொடுத்துப் பதில் சொல்லட்டும். 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில், அதாவது இப்போதைய கேரளத்தோடு இருந்த ஊர் இது. புனலூர், கொல்லம் என்று பல வீடுகளுக்கு மலைக்கு அந்தப் பக்கமும் சொந்தம் உண்டு. வெளியூர்க்காரர் வருவது இங்கே புதிதில்லை.

அப்புறம் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வரி கேட்டு வருவார்கள். நாம் வாடகை வீட்டுக்காரர்கள்தானே என்று ஒதுங்காதீர்கள். வரியையும் கொடுத்து, கொடையன்று வில்லுப்பாட்டு நடக்கும் இடத்தில் குடும்பத்தோடு போய் உட்காருங்கள். எனக்கு இந்தத் தெரு சொந்தமானது அப்படித்தான். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது சாரல் விழுந்தால், பக்கத்து வீட்டு ஆச்சி என் கொடியில் கிடக்கும் துணியையெல்லாம் எடுத்து மடித்துத் திண்ணையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செம்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். நான் சொல்லிச் செய்ததில்லை. உங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு ஆச்சி பக்கத்தில் இருப்பது நல்லது. டவுனில் பழைய தெருவாகப் பாருங்கள், புது நகரில் தனி வீடு வேண்டாம்.

மோகனூரான்:
ரொம்ப நன்றி டீச்சர். அலமாரிக் கீழ்த்தட்டை மறக்க மாட்டேன். அம்மாவுக்கு அவசரம் என்றால் ஆஸ்பத்திரி வசதி எப்படி? சாரல் முடிந்துவிட்டால் ஈரம் விட்டுவிடுமா?

இலஞ்சிக்காரன்:
தென்காசி அரசு தலைமை மருத்துவமனை செங்கோட்டையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். பெரிய வைத்தியம் என்றால் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தென்காசியிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அது சாரல் மாதிரி இல்லை, இடியோடு கொட்டும். அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள், பாப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள் சார்.

ராம்நாட்டு டீச்சர்:
ஈரம் முழுசாக விடுவது தை பிறந்த பிறகுதான் தம்பி. அதனால் கிளம்புவதற்கு முன்பே அங்கே பார்க்கும் டாக்டரிடம் இந்த ஊர் நிலவரத்தைச் சொல்லி, மருந்து மாத்த வேண்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் ஒன்று கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

பாப்பாவுக்கு அருவி இல்லையே என்ற ஏக்கம் இருந்தால் ஒரு விடுமுறையில் பகல் ரயிலாகப் பார்த்துக் கொல்லம் வரை கூட்டிப் போங்கள். 1904-ல் போட்ட மலைப்பாதை. அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி திறந்தார்கள். குகையைத் தாண்டி, கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலத்தில் போகும்போது ஜன்னலை விட்டு நகரமாட்டாள். பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு டிசியோடு ஆதார் நகலும் கொண்டுவாருங்கள். எந்தப் பள்ளி என்று முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.