கோரிடோராஸ் வளர்ப்பவர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

கெளுத்திப்பிரியன்:
நண்பர்களே, கோரிடோராஸ், சுருக்கமாகக் கோரி என்கிற இந்தச் சின்னக் கவசக் கெளுத்தி மீனைப் பற்றி நீங்களே பார்த்ததை எழுதுங்கள். என்னிடம் இருப்பது மிளகுக் கோரி, அதாவது பேலியேட்டஸ் என்ற இனம். டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்த தென் அமெரிக்க மீன்களில் இதுவும் உண்டு. 1842-ல் ஜெனின்ஸ் என்ற இயற்கையியலாளர் பெயர் வைத்தார். உடம்பில் செதில் இல்லை. பக்கத்துக்கு இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். மூஞ்சியை மணலுக்குள் விட்டு மீசையால் துழாவும். வாயில் அள்ளிய மணல் செவுள் வழியாகக் கொட்டும். கூர்மையான கல் போட்ட தொட்டியில் இந்தக் காட்சியே கிடைக்காது, மீசையும் தேய்ந்துபோகும். நைஸான மணல்தான் போட வேண்டும்.

நீர்க்குமிழி:
அண்ணா, என்னிடம் இருப்பவை வெண்கலக் கோரி. சும்மா கிடக்கும், திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே போய்விடும். தண்ணீரில் ஏதாவது கோளாறா?

கெளுத்திப்பிரியன்:
அது இயல்புதான் தம்பி. விழுங்கிய காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுப்பது பின்குடல். அங்கே ரத்த நாளங்கள் அடர்த்தி. மிச்சக் காற்று ஆசனவாய் வழியே போய்விடும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் இவை பிழைப்பது இதனால்தான். எல்லாமே ஓயாமல் மேலே ஏறினால் மட்டும் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

பாசிப்பச்சை:
நான் மறக்காத காட்சி முட்டையிட்டதுதான். கொஞ்சம் குளிர்ந்த நீராகப் பார்த்துப் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தேன். அவற்றுக்கு அது மழைக்காலம் வந்த அறிகுறி. மறுநாள் காலையில் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தின. கடைசியில் ஓர் ஆண் பக்கவாட்டில் குறுக்கே நின்றது. பெண் அதன் வயிற்றில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருந்தது. அந்த நேரத்தில் பெண் விந்தணுவைக் குடிக்கிறது! அது குடல் வழியாக விரைந்து வெளியேறி, அடித்துடுப்புகளைக் கூப்பி ஏந்தியிருக்கும் முட்டைகளைச் சேர்கிறது. வெண்கலக் கோரியில் இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-ல் விளக்கினார்கள். பிறகு பெண் கண்ணாடியில் இடம் தேடி, வாயால் தொட்டுப் பார்த்து, முட்டைகளை ஒட்டியது. இப்படியே மணிக்கணக்கில் நடந்தது. பெரியவை தின்றுவிடும் என்பதால் முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றினேன். சில நாளில் குஞ்சுகள் வந்தன. மீன் உலகில் இதைவிட வியப்பான ஒன்றை நான் பார்த்ததில்லை.

தண்ணீர்ப்பூ:
என்னிடம் பிக்மி கோரி. இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். மற்ற கோரிகள்போல அடியிலேயே கிடக்காமல் நடுத்தண்ணீரில் கூட்டமாக நிற்கும். தனியாக ஒன்றிரண்டை மட்டும் வாங்கி வைப்பது பாவம், ஒளிந்தே கிடக்கும். ஆறேழு சேர்ந்தால்தான் அதன் சுபாவமே தெரியும்.

நீர்க்குமிழி:
தொட்டி மாற்றும்போது எப்படிப் பிடிக்கிறீர்கள்?

தண்ணீர்ப்பூ:
வலை வேண்டாம். பயந்தால் முதுகுத்துடுப்பு, மார்புத்துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும், கண்ணியில் மாட்டிக்கொண்டால் எடுப்பது கஷ்டம். கையில் குத்தினாலும் நன்றாகவே வலிக்கும். ஒரு டப்பாவை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, மெதுவாக உள்ளே ஓட்டிவிடுங்கள்.

கெளுத்திப்பிரியன்:
புத்தகங்களில் தேடுபவர்களுக்கு ஒன்று: 2024-ல் கோரிடோராஸ் என்ற இந்தப் பேரினத்தைப் பலவாகப் பிரித்துவிட்டார்கள். மிளகுக் கோரி இப்போது ஹோப்லிசோமா, வெண்கலக் கோரி ஆஸ்டியோகாஸ்டர். பழைய பெயர், புதிய பெயர் இரண்டிலும் தேடுங்கள்.