ஒருங்கிணைந்த அறிக்கை வழிகாட்டி: கூட்டுறவுச் சங்கங்களுக்கான பகுதியை எழுத உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். நிறுவனங்களின் ஒருங்கிணைந்த அறிக்கையிடலுக்குத் (பணக் கணக்கோடு இயற்கை, மனிதர், சமூக உறவு போன்றவற்றையும் சேர்த்துச் சொல்லும் முறை) தேசிய வழிகாட்டி வகுக்கும்போது எங்களைப் போன்ற சங்கங்களுக்கும் இடம் வேண்டும் என்று ஒரு முன்மொழிவு எழுதி வருகிறேன்.

2013இல் வெளியாகி 2021இல் திருத்தப்பட்ட, இவ்வகை அறிக்கைக்கான சர்வதேசச் சட்டகம் நிதி, உற்பத்தி, அறிவு, மனிதர், சமூக உறவு, இயற்கை என ஆறு மூலதனங்களைச் சொல்கிறது. எங்கள் ஐந்தொகையில் (சொத்து, கடன்களின் கணக்கு) அரிசி ஆலையின் பெறுமானத் தேய்வு சதக் கணக்கு வரை இருக்கிறது. எங்கள் வயல்களுக்குப் பாயும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இல்லை. குளம் நிரம்பாத ஆண்டில் சிறுபோகத்தில் (மழை குறைந்த பருவம்) பயிரிடும் ஏக்கர் சுருங்கி ஆலை ஓய்ந்து கிடக்கும். அறிக்கையில் தெரிவதோ வருமான வீழ்ச்சி மட்டுமே. காசைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று நெல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும் அங்கத்தவரின் நம்பிக்கைக்கும் அதில் ஒரு வரி கிடையாது. இது எனக்குப் பெரும் மனக்குறை.

அந்தச் சட்டகம் கோட்பாடுகளைத்தான் தருகிறது, அளவுகோல்களை விதிப்பதில்லை. அங்கேதான் தடுமாறுகிறேன். தண்ணீரை எதைக் கொண்டு காட்டுவது? குளத்தின் நீர்மட்டமா, போகத்துக்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அனுமதிக்கப்பட்ட ஏக்கரா? நீர்ப்பாசனத்தில் பணியாற்றியவர்கள் சொல்லுங்கள். பணத்தில் அடங்காத இத்தகைய தகவலைச் சிறிய சங்கமொன்றில் யார் சரிபார்ப்பது என்பதைக் கணக்காய்வில் இருப்பவர்கள் விளக்கினால் பேருதவி. தமிழில் மாதிரி அறிக்கை ஏதும் வைத்திருந்தால் தயவுசெய்து பகிருங்கள். வரைவை வாசித்துத் திருத்த விரும்புவோர் கீழே எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.